கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டாருக்கு

அன்புள்ள அம்மா அப்பாக்களே, அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே,

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போது ஏதோ ஒரு கடலில். கேடட் வேலையோ, எஞ்சின் அறையோ, சமையற்கூடமோ. கான்ட்ராக்ட் ஆறு மாதம், ஒன்பது மாதம். சிக்னல் கிடைக்கிற நேரத்தில் இரண்டு வரி வரும்: ‘நல்லா இருக்கேன். சாப்பிட்டேன்.’ பதிலுக்கு வீட்டிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் போகும். அப்புறம் நான்கு நாள் சத்தமே இருக்காது.

இந்த மடல் அந்தக் கட்டைவிரலைப் பற்றியது.

கப்பலேறிப் போனவர்களின் கதையைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. கரையில் இருந்து கடிதம் வாங்கிய வீட்டின் கதையைச் சொல்கிறவர்கள் குறைவு. அப்படி ஒரு வீடு இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் இருந்தது. வீட்டுக்கு ‘தி மவுண்ட்’ என்று பெயர். வீட்டுக்காரர் ராபர்ட் டார்வின், ஊரறிந்த டாக்டர். 1817-ல் அவர் மனைவி இறந்தபோது இளைய மகன் சார்லஸுக்கு எட்டு வயது. அவனை ஆளாக்கியவர்கள் அக்காமார். மூத்தவள் மரியானுக்குக் கல்யாணமாகிவிட்டது. கரோலின், சூசன் என்று இரண்டு அக்கா, கேத்தரின் என்று ஒரு தங்கை வீட்டில் இருந்தார்கள். அண்ணன் எராஸ்மஸ் லண்டனில்.

இன்று உலகத்துக்கே டார்வின் என்றால் தாடி வைத்த ஒரு பெரியவர். 1831-ல் அவன் வெறும் சார்லஸ், வயது 22. எடின்பரோவில் டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டவன். கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கிக்கொண்டு பாதிரியாராகப் போகலாம் என்று இருந்தவன். அப்பாவுக்கு அவனைப் பற்றிக் கவலை இருந்ததில் வியப்பில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டு 29 அன்று, வேல்ஸ் மலைகளில் பாறை பார்த்துவிட்டு வீடு திரும்பினான். கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. ‘பீகிள்’ என்ற கடற்படைக் கப்பல் தென் அமெரிக்கக் கரைகளை அளக்கப் போகிறது, கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்குத் துணையாக இயற்கை ஆராயத் தெரிந்த ஓர் இளைஞன் வேண்டும், நீ போகலாம் என்ற செய்தி. அப்பா முடியாது என்றார். பையன் அடங்கி, மறுநாளே வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டான். ஆனால் அப்பா ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்: புத்தியுள்ள ஒரு மனிதன் போகச் சொன்னால் நான் தடுக்கமாட்டேன்.

அந்த மனிதர் தாய்மாமன்தான். ஜோசையா வெட்ஜ்வுட், பீங்கான் தொழிற்சாலைக் குடும்பம். அப்பாவின் ஆட்சேபங்களை சார்லஸ் எட்டுப் புள்ளிகளாக ஒரு தாளில் எழுதினான். பாதிரியாராகப் போகிறவனுக்கு இது பெயரைக் கெடுக்கும்; கிறுக்குத்தனமான திட்டம்; வேறு பலரைக் கேட்டுவிட்டுத்தான் இவனிடம் வந்திருப்பார்கள்; அவர்கள் மறுத்திருந்தால் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ கோளாறு; திரும்பி வந்தபின் ஓரிடத்தில் நிலைக்கமாட்டான்; தங்குமிடம் படுமோசமாக இருக்கும்; மறுபடியும் தொழிலை மாற்றுகிறான்; கடைசியாக, இதனால் ஒரு பயனும் இல்லை. மாமா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். அப்பா இறங்கி வந்தார். கப்பலுக்குப் போகிறேன் என்று உங்கள் பிள்ளை சொன்ன அன்று உங்கள் கூடத்தில் நடந்த பேச்சும் ஏறக்குறைய இந்தப் பட்டியல்தானே?

புயல் இரண்டு முறை திருப்பியடித்த பிறகு, 1831 டிசம்பர் 27 அன்று பீகிள் பிளிமத்தை விட்டுக் கிளம்பியது. சுமார் 90 அடி நீளக் கப்பல், எழுபதுக்கு மேற்பட்ட ஆட்கள். சார்லஸ் படுத்தது வரைபட மேசைக்கு மேலே கட்டிய தொங்குபடுக்கையில். ஆறடி உயரக்காரன், கால் நீட்ட இடம் போதாமல் சுவரோரப் பெட்டியிலிருந்து ஓர் இழுப்பறையை உருவிவிட்டுத்தான் நீட்டினான்.

முதல் கடிதத்தை அவன் தொடங்கியது பிப்ரவரி 8 அன்று, கேப் வெர்டே தீவுகளைக் கடந்து ஒரு நாள் ஆனபின், நடுக்கடலில். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இங்கிலாந்து திரும்பும் கப்பல் ஏதாவது எதிர்ப்பட்டால் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் எழுதினான். எழுதியது அப்பாவுக்கு. ஒரே நாள் கடலில் இருந்தவனுக்குக் கடல்நோயைப் பற்றிப் பேச உரிமையே இல்லை, உடம்பு முழுக்கச் சோர்ந்து சின்ன அசைவுக்கே மயக்கம் வரும்போதுதான் அதன் கொடுமை தெரியும் என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கென்றே ஒரு வரி சேர்த்தான்: படுத்துக் கிடப்பதைத் தவிர எதுவும் பலிக்கவில்லை, ஆனால் நீங்கள் சொன்ன உலர்திராட்சை மட்டும் வயிற்றில் தங்கியது. போகவே கூடாது என்றவர், போகும்போது கைமருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்! மகன் அதை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறான். தங்குமிடம் மோசமாக இருக்கும் என்ற ஆறாவது ஆட்சேபத்துக்கும் அதே கடிதத்தில் பதில் உண்டு: கப்பல் வேலைக்கு வசதியான இடம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், இடம் குறுகலாக இருப்பதால் ஒழுங்கு தானாக வருகிறது.

இனி வீட்டுப் பக்கம்.

கரோலின், சூசன், கேத்தரின் மூவரும் முறைவைத்துக்கொண்டார்கள். மாதம் ஒருத்தி எழுத வேண்டும். அவனிடமிருந்து கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் முறை தவறக்கூடாது. கடிதங்கள் தபால் கப்பலில் ரியோ, மான்டிவிடியோ, வால்பரைசோ என்று அவன் போகக்கூடிய துறைமுகங்களுக்குப் போயின. அவன் எந்தத் துறைமுகத்தில் எப்போது இருப்பான் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆகவே அவர்கள் பதில் எழுதவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

எதை எழுதினார்கள்? பெரிய விஷயம் எதுவும் இல்லை. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் விருந்துக்கு வந்தார், அப்பா என்ன சொன்னார், நாடாளுமன்றத் தேர்தல் சட்டம் என்ன ஆயிற்று. அவனுக்குப் பிடித்தமான ஃபேன்னி ஓவன் என்ற பெண்ணுக்கு, அவன் கிளம்பிச் சில வாரங்களிலேயே வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. கசப்பான சேதியைப் பிள்ளையிடம் மறைப்போம் என்று அவர்கள் நினைக்கவில்லை, எழுதினார்கள். ஏப்ரலில் ரியோவில் அவன் அதைப் படித்தான். பதிலில் அவன் தன் வருத்தத்தை வேடிக்கை போலச் சொன்னாலும் உள்ளே வலித்தது தெரியும்.

அந்த ரியோ நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் மற்றப் போர்க்கப்பல்களுக்கு முன்னால் பீகிள் தன் பாய்களை ஏற்றி இறக்கி வித்தை காட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடிதக் கட்டு வந்து சேர்ந்தது. மாலுமிகளின் கண் எல்லாம் கட்டின் மேல். முதல் லெப்டினன்ட் விக்கம், முட்டாள்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு அதையே பார்க்கிறார்கள், கீழே கொண்டுபோங்கள் என்று இரைந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தன் பங்கு கைக்கு வந்ததும் சார்லஸ், வெயிலும் மலையும் இவ்வளவு அழகாக இருக்கும்போது கையெழுத்து யாருடையது என்று மட்டும் பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முடியவில்லை. பனைமரமாவது கடல்பூச்சியாவது என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கீழே ஓடினான். வெப்பமண்டலத்தைப் பார்க்க வேண்டும் என்று பல மாதம் கனவு கண்ட பையன், அந்த வெப்பமண்டலம் கண்ணெதிரே விரிந்து கிடக்கையில், கப்பலின் அடித்தட்டுக்குப் போய் வீட்டு வம்பைப் படித்தான்.

வீட்டுச் செய்தி அற்பமானது, அதை அனுப்பி அவனைத் தொந்தரவு செய்வானேன் என்று நீங்கள் நினைத்தால், அந்த ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம். சார்லஸ் சேர்த்த பறவை, எலி, நண்டு, செடி எல்லாம் பெட்டி பெட்டியாகக் கேம்பிரிட்ஜில் ஹென்ஸ்லோவுக்குப் போயின. முதல் பெட்டியைத் திறந்த பேராசிரியர் 1833 ஜனவரி 15 அன்று உட்கார்ந்து எழுதினார். எலிகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, நல்ல நண்டு ஒன்றுக்குக் கால்களே இல்லை, 233-ஆம் எண் பொட்டலத்தில் இருப்பது என்ன, மின்னல் விழுந்த கரிக்குவியல் போல இருக்கிறதே என்று கேட்டு, எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்றும் விளக்கியிருந்தார். அந்தக் கடிதம் சார்லஸ் கைக்குக் கிடைத்தது 1834 ஜூலையில். ஒன்றரை ஆண்டு! பல மாதங்கள், அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, உருப்படியாக இருக்கிறதா, குப்பையில் போட்டார்களா என்று தெரியாமலேயே அவன் சேர்த்துக்கொண்டும் கட்டிக்கொண்டும் இருந்தான். இன்று உங்கள் பிள்ளை அனுப்பும் படத்துக்குக் கீழே நீல நிறத்தில் இரண்டு டிக் விழுகிறது. பார்த்தாயிற்று என்று மட்டும்தான் அது சொல்லும். எண் 233 என்ன என்று அது கேட்காது.

அந்த வீட்டார் கேட்டார்கள். கேட்டதோடு திருத்தவும் செய்தார்கள்.

கடிதங்கள் போக, சார்லஸ் ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தான். 1832 ஏப்ரலில் ரியோவிலிருந்து அதன் முதல் பகுதியை வீட்டுக்கு அனுப்பும்போது, இதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது, கண்ணில் படாமல் போகட்டும், வேண்டியவர்கள் படியுங்கள், நிறையச் சிறுபிள்ளைத்தனம் இருக்கும் என்று எழுதினான். வீடு அதைத் தூக்கிப் பரணில் போடவில்லை. குடும்பமாக உட்கார்ந்து படித்தது. அடுத்த பகுதிகளும் வந்தன. 1833 அக்டோபரில் கரோலின் மனதில் பட்டதைச் சொன்னாள்: நீ ஹும்போல்ட்டை அதிகம் படிப்பதால் அவர் பாணிப் பூவேலை உன் எழுத்தில் ஏறியிருக்கிறது, உன்னுடைய நேரான எளிய நடைதான் இதைவிட நன்றாக இருக்கிறது. ஜெர்மன் பயணி ஹும்போல்ட்தான் அன்று அவனுக்குத் தெய்வம். அந்தத் தெய்வத்தின் நடை உனக்கு வேண்டாம் என்று சொல்ல அக்காவால்தான் முடியும்.

சூசன் இன்னொரு வகை. தம்பியை மேய்க்கிற பொறுப்பு எடுத்துக்கொண்டதால் ‘பாட்டி’ என்று பட்டப்பெயர். 1834 பிப்ரவரியில், அவனுக்கு 25 வயது நிறையும் வேளையில், வாழ்த்தோடு ஓர் எழுத்துப்பிழைப் பட்டியலை அனுப்பினாள். ஒரு பக்கம் அவன் எழுதியது, எதிர்ப்பக்கம் சரியான சொல். ‘லேண்ட்ஸ்கேப்’பில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தான். ‘ஹையஸ்ட்’டில் இன்னொன்று. ‘கேனிபல்’ உள்பட இன்னும் சில. அவசரத்தில் வந்த பிழைகளாக இருக்கும், ஆனாலும் பாட்டியின் கடமை சுட்டிக்காட்டுவது என்று குறிப்பு வேறு. உலகத்தின் மறுபக்கத்தில், புயலுக்கு நடுவே தீவுக் கரைகளில் அலைந்துகொண்டிருக்கும் பையனுக்கு இது அனுப்பத் தகுந்த கடிதமா என்று கேட்கலாம். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தான் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் யாரோ கூர்ந்து படிக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

பணப்பேச்சும் கடிதங்களில் உண்டு. சம்பளமில்லாத இடம், சாப்பாட்டுச் செலவு முதல் எல்லாம் அப்பா தலையில். கிளம்பும்முன், கப்பலில் இருந்துகொண்டு என் படிப்பணத்துக்கு மேல் செலவழிக்க வேண்டுமானால் நான் மகா கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று மகன் சொன்னான். நீ கெட்டிக்காரன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்று அப்பா சிரித்தார். அப்பா சொன்னதே நடந்தது. 1833-ல், பறவை சுடவும் தோலுரிக்கவும் ஓர் ஆளை வேலைக்கு வைத்துக்கொள்கிறேன், ஆண்டுக்கு 60 பவுண்டுக்குள் முடியும் என்று கெஞ்சி எழுதினான். 1835-ல் ஆண்டிஸ் மலையைத் தாண்டிப் போய்வந்ததும், செலவு அதிகம்தான், ஆனால் எனக்குக் கிடைத்த இன்பம் தெரிந்தால் அப்பா வருந்தமாட்டார் என்று சூசனுக்கு எழுதினான். நேரே அப்பாவுக்கு எழுதாமல் அக்கா வழியாகப் போவது எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொது. அப்பா கட்டிக்கொண்டே வந்தார்.

1834-ன் பிற்பகுதியில் வால்பரைசோவில் அவன் காய்ச்சலாய் விழுந்தான். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. ஷ்ரூஸ்பரிப் பள்ளித் தோழன் கார்ஃபீல்டு அங்கே இருந்ததால் தங்க ஒரு வீடு கிடைத்தது. செய்தி ஊர் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் அப்பா கரோலின் மூலம் சொல்லியனுப்பினார்: இந்த ஒரு நோயை எச்சரிக்கையாக எடுத்துக்கொள், கப்பலை விட்டுவிட்டு வீட்டுக்கு வா. அவன் வரவில்லை. வா என்று சொன்னதும் வீடு, வராதபோது தொடர்ந்து எழுதியதும் அதே வீடு.

இதற்கிடையே, ஹென்ஸ்லோ தமக்கு வந்த கடிதங்களிலிருந்து பகுதிகளை எடுத்து 1835 நவம்பரில் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் வாசித்தார். டிசம்பரில் அது 31 பக்கச் சிறு வெளியீடாக அச்சாயிற்று. எழுதியவனுக்கே தெரியாது. பிறகு தெரிந்தபோது பதறிப்போனான்; கவனமில்லாமல் கிறுக்கியதை அச்சிடுவது கூரான கத்தியோடு விளையாடுவது என்று நன்னம்பிக்கை முனையிலிருந்து எழுதினான். ஆனால் ஷ்ரூஸ்பரியில் அந்தச் சிறுநூல் வந்த நாளில் நடந்ததைக் கரோலின் எழுதி வைத்திருக்கிறாள். அப்பா கடைசிச் சொல் வரை படித்து முடிக்காமல் நாற்காலியை விட்டு எழவில்லை. தகவலைத் தெளிவாக, எளிமையாகச் சொன்ன விதம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்தப் பயணத்தால் ஒரு பயனும் இல்லை என்பதுதான் நான்கு ஆண்டுக்கு முன் அவருடைய எட்டாவது ஆட்சேபம்.

1836 ஜூலையில் அசென்ஷன் தீவில் இன்னொரு கடிதம் காத்திருந்தது. நிலவியல் பேராசிரியர் செட்ஜ்விக் உன்னைப் பற்றி உயர்வாகச் சொன்னார், விஞ்ஞானிகள் வரிசையில் உனக்கு இடம் உண்டாம் என்று வீட்டார் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எரிமலைப் பாறைகளில் துள்ளி ஏறிச் சுத்தியலால் ஓங்கி ஓங்கித் தட்டியதாக முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார். அடுத்த மாதம் பிரேசிலிலிருந்து சூசனுக்கு எழுதியபோதோ, கடலும் வேண்டாம், அதில் ஓடும் கப்பல் எதுவும் வேண்டாம் என்ற நிலை. ஐந்தாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. வீட்டு ஏக்கம் தலைக்கேறியிருந்தது.

அக்டோபர் 2 இரவு பீகிள் ஃபால்மத் வந்தது. சார்லஸ் உடனே வண்டி பிடித்து, இரண்டு நாள் பயணத்தில் ஷ்ரூஸ்பரி சேர்ந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. யாரையும் எழுப்பவில்லை. காலையில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது உள்ளே நுழைந்தான். அப்பா அவனைப் பார்த்துவிட்டுப் பெண்களிடம் திரும்பி, இவன் தலையின் வடிவமே மாறிவிட்டதே என்றார்.

வீட்டுக்கு அனுப்பிய அந்த நாட்குறிப்புதான் 1839-ல் அவருடைய முதல் பெரிய நூலாக உருவெடுத்தது. வீட்டார் பத்திரப்படுத்திய கடிதங்கள் இன்று அச்சில் இருக்கின்றன. டார்வின் கடிதங்களைத் தேடிப் பதிப்பிக்கும் வேலை கேம்பிரிட்ஜில் 1974-ல் தொடங்கி, 30 தொகுதிகளாக, 15,000-க்கும் மேற்பட்ட கடிதங்களுடன் நிறைவடைந்தது. உலர்திராட்சையும் அதில் இருக்கிறது, எழுத்துப்பிழைப் பட்டியலும் இருக்கிறது.

ஒன்று மட்டும் இல்லை. பீகிள் கலாபகோஸ் தீவுகளில் நின்றது 1835 செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 20 வரை. அந்தத் தீவுகளின் பறவைகளும் ஆமைகளும் பிற்காலத்தில் அவர் சிந்தனையை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அங்கிருந்து அவன் வீட்டுக்கு எழுதினானா? எழுதினான். டிசம்பர் 27 அன்று நியூசிலாந்திலிருந்து கரோலினுக்கு எழுதும்போது, என்னுடைய போன கடிதம் கலாபகோஸிலிருந்து எழுதியது என்று குறிப்பிடுகிறான். அந்தக் கடிதம் எங்கேயும் கிடைக்கவில்லை. 15,000 கடிதங்களில் எல்லோரும் முதலில் தேடக்கூடிய கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் பிள்ளை டார்வின் ஆக வேண்டிய அவசியமில்லை. அவன் சூயஸ் கால்வாயில் எழுதிய இரண்டு வரியும், அவள் சாண்டோஸ் துறைமுகத்தில் பேசி அனுப்பிய ஒரு நிமிடக் குரலும் உங்கள் வீட்டுக்குப் போதுமான செல்வம். ஆகவே வேண்டுகோள் இவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் செய்திகள் தாமாக அழியும் அமைப்பு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். போன் மாற்றுவதற்குமுன் உரையாடலை மின்னஞ்சலுக்கு ஏற்றுமதி செய்துவையுங்கள். ஒரு நோட்டு வாங்கி, தேதி, கப்பல், துறைமுகம், அவன் சொன்னது என்று நான்கு பத்தி போடுங்கள். வீட்டில் நாலு பேர் இருந்தால் வாரம் ஒருவர் முறைவைத்து, பதில் வந்தாலும் வராவிட்டாலும், ஒரு பக்கம் எழுதுங்கள்: பக்கத்து வீட்டுக் கல்யாணம், தெருவில் வந்த குழாய், அப்பாவின் சர்க்கரை அளவு. தப்பாக எழுதியிருந்தால் திருத்துங்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

இன்று ராத்திரி ‘சாப்பிட்டேன்’ என்று வந்தால் கட்டைவிரலை அனுப்பாதீர்கள். என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, வெளியே இப்போது என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

அன்புடன்,
பழைய கடிதங்களைப் படிக்கும் வாசகர் ஒருவர்